முயலின் பின்பக்கம் ஈரமாகவே இருக்கிறதா? சிறுநீர்க் கோளாறுக்கும் சிறுநீர்ப் புண்ணுக்கும் ஒரு வழிகாட்டி

முயல் வளர்க்கத் தொடங்கிய புதிதில் எல்லாரும் உன்னிப்பாகப் பார்ப்பது சாப்பாட்டையும் புழுக்கையையும்தான். சிறுநீரை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஒருநாள் தூக்கும்போது கையில் ஈரம் படும். வாலுக்குக் கீழே முடி மஞ்சளாகிச் சடைபிடித்திருக்கும். விலக்கிப் பார்த்தால் தோல் செக்கச்செவேல் என்று இருக்கும். பதறிப்போய்க் கழுவித் துடைத்து, கையில் கிடைத்த களிம்பைத் தடவுவார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் அதே ஈரம், அதே நெடி.

ஏனென்றால் அந்தப் புண் தனியாக வந்த நோய் அல்ல. வேறெங்கோ இருக்கும் கோளாறு அங்கே வெளிப்படுகிறது. கோளாறு சிறுநீர்ப்பையில் இருக்கலாம், முதுகெலும்பில் இருக்கலாம், பல்லில்கூட இருக்கலாம். கழுவி ஆற்றுவது பாதி வேலை. முயல் ஏன் நனைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் மீதிப் பாதி, அதுதான் கடினமான பாதியும். இந்தக் கட்டுரை இரண்டையும் ஒவ்வொரு படியாகச் சொல்கிறது.

முதல் படி: எது இயல்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாய், பூனை வளர்த்துப் பழகியவர்களுக்கு முயலின் சிறுநீர் முதல் பார்வையில் பயத்தைக் கொடுக்கும். கலங்கலாக இருக்கும், காய்ந்தால் வெள்ளையாகப் பொடி படியும், நிறம் நாளுக்கு நாள் மாறும். இவற்றில் பெரும்பாலானவை இயல்புதான்.

கலங்கலுக்குக் காரணம் கால்சியம். மற்ற பெரும்பாலான பாலூட்டிகளின் குடல், உடலுக்கு எவ்வளவு கால்சியம் தேவையோ ஏறக்குறைய அவ்வளவைத்தான் உறிஞ்சும். முயலின் குடல் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. உணவில் எவ்வளவு கால்சியம் வருகிறதோ அதற்கேற்ப உறிஞ்சிக்கொண்டு, மிஞ்சியதைச் சிறுநீரகம் வழியாக வெளியே தள்ளுகிறது. பெரும்பாலான விலங்குகளில் 2 சதவீதத்துக்கும் குறைவான கால்சியமே சிறுநீரில் போகும். முயலில் 45 முதல் 60 சதவீதம் வரை போகும். முயலின் சிறுநீர் காரத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 8 முதல் 9 வரை இருக்கும். அந்தக் காரத்தில் கால்சியம் கார்பனேட் நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து நிற்கும். ஆகவே லேசான கலங்கல் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

நிறமும் அப்படித்தான். வெளிர் மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சு, பழுப்பு, சிவப்பு வரை எதுவும் வரலாம். சில இலைதழைகளில் உள்ள நிறமிகளாலும், உடலில் உண்டாகும் போர்ஃபிரின் என்ற நிறமியாலும் சிறுநீர் சிவக்கும். இது ஓரிரு நாளில் தானாகவே மாறிவிடும். முயல் வழக்கம்போல் சாப்பிட்டு ஓடியாடிக்கொண்டிருந்தால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ரத்தமும் சிவப்புதான். வெறும் கண்ணால் இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. சிறுநீர் முழுக்க ஒரே சீராகச் சிவந்திருந்தால் நிறமியாக இருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சள் சிறுநீருக்கு நடுவே சிவப்புத் திட்டாகவோ கட்டியாகவோ தெரிந்தால், அல்லது போய் முடித்த பிறகு கடைசியில் சொட்டாக வந்தால், ரத்தமாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் சோதனைப் பட்டை இருக்கிறது, ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கருத்தடை செய்யாத பெண் முயல் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கருப்பையில் புற்றுநோய் வந்தால் அங்கிருந்து கசியும் ரத்தம் சிறுநீரோடு சேர்ந்து வரும்; பார்ப்பவர்கள் சிறுநீர்க் கோளாறு என்றே நினைப்பார்கள். 4 வயதைத் தாண்டிய, கருத்தடை செய்யாத பெண் முயல்களில் சில இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இந்தப் புற்றுநோய் வருவதாக அறியப்பட்டிருக்கிறது. பெண் முயலுக்கு உரிய வயதில் கருத்தடை செய்துவிடுங்கள் என்று டாக்டர்கள் வற்புறுத்துவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

அளவைப் பொறுத்தவரை, முயல் தன் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 130 மில்லி சிறுநீர் கழிக்கும். உணவையும் தண்ணீரையும் பொறுத்து இது மிகவும் ஏறி இறங்கும். அளந்து பார்க்க வேண்டியதில்லை. உங்கள் முயலின் லிட்டர் பெட்டி (ஈரம் உறிஞ்சும் 'லிட்டர்' பரப்பிய, முயலின் கழிப்பிடப் பெட்டி) தினமும் எவ்வளவு நனைகிறது என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் போதும். திடீரென்று இரட்டிப்பாக நனைந்தாலோ ஏறக்குறைய காய்ந்தே கிடந்தாலோ உங்களுக்கே உறைத்துவிடும்.

இரண்டாம் படி: முயல் சிறுநீர் கழிப்பதை ஒருமுறையாவது நின்று பாருங்கள்

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆரோக்கியமான முயல் பெட்டியின் ஒரு மூலையில் போய்ப் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைக்கும். முன்னங்கால்களை ஊன்றி, இடுப்பைச் சற்று உயர்த்தி, வாலை மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது சிறுநீர் காலில் படாமல் பின்னோக்கிப் பீய்ச்சி விழும். சில நொடிகளில் வேலை முடிந்து இறங்கிவிடும்.

மூட்டு வாதம் வந்த கிழ முயல் இதே வேலையைச் செய்வதைப் பாருங்கள். அதுவும் அதே மூலைக்குத்தான் போகிறது, அதே போல்தான் நிற்கப் பார்க்கிறது. ஆனால் இடுப்பு ஏறுவதில்லை. வால் பாதிதான் தூக்குகிறது. சிறுநீர் பின்னால் போகாமல் நேராகக் கீழே இறங்கி, தொடையின் உட்புறம் வழியாக வழிந்து பாதம் வரை நனைக்கிறது. முயல் திரும்பி நக்கித் துடைக்கப் பார்க்கும். முதுகு வளையாததால் வாய் எட்டாது. அப்படியே உட்கார்ந்துவிடும். இந்த முயலுக்குச் சிறுநீர்ப்பையில் ஒரு குறையும் இல்லை. வலி குறைந்தால் ஈரமும் குறையும்.

இன்னொரு முயல் பெட்டிக்குப் போகும், நிற்கும், முக்கும், நாலு சொட்டு விடும், இறங்கும். ஐந்து நிமிடத்தில் மறுபடி போகும். காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு, வயிற்றைத் தரையில் அழுத்தி, பற்களை நறநறவென்று கடிக்கும். இது நீர்க்கடுப்பு. சிறுநீர்ப்பையில் கிருமித் தொற்றோ கால்சிய வண்டலோ கல்லோ இருக்கும்.

மூன்றாவது வகை முயல், சிறுநீர் போவதே தனக்குத் தெரியாமல் நடக்கும்போதும் படுத்திருக்கும்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், அல்லது வண்டலால் நிரம்பிய பை வழிந்துகொண்டிருக்கலாம்.

இப்படிப் பார்த்து வைத்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் முயல் பயத்தில் உறைந்து உட்கார்ந்திருக்கும், இதில் எதையும் செய்து காட்டாது.

லிட்டர் பெட்டியில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த முயல் திடீரென்று வெளியே போகத் தொடங்கினால் அதை அடம் என்று நினைத்துத் திட்டாதீர்கள். பெட்டிக்குள் ஏறக் கால் வலிக்கிறது, அல்லது அடக்க முடியவில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. கருத்தடை செய்யாத முயல்கள் 4 முதல் 6 மாத வயதில் பருவத்துக்கு வரும்போது தங்கள் இடத்தை அடையாளப்படுத்தச் சுவரிலும் ஆட்களின் காலிலும் பீய்ச்சும். அப்போது முயல் உற்சாகமாக இருக்கும், அதன் உடம்பு நனைந்திருக்காது. கருத்தடைக்குப் பிறகு சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூன்றாம் படி: உடம்பைத் தடவிப் பாருங்கள்

வாரம் ஒருமுறை போதும், வெயில் காலத்தில் தினமும் பார்க்க வேண்டும். தரையில் உட்கார்ந்து முயலை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மல்லாக்கப் போட வேண்டாம். அப்படிப் போட்டால் முயல் அசையாமல் கிடப்பது பயத்தால், நிம்மதியால் அல்ல. பின்பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, முன்பக்கத்தைச் சற்று உயர்த்திப் பார்த்தால் போதும். பின்னங்கால்கள் எப்போதும் எதன் மேலாவது ஊன்றியிருக்க வேண்டும். அந்தரத்தில் உதைத்தால் முயலின் முதுகெலும்பு அதன் உதையின் வேகத்திலேயே முறிந்துவிடக்கூடும்.

வாலுக்கு அடியிலும் தொடையின் உட்புறத்திலும் விரலை விட்டுத் தடவுங்கள். முடி ஒட்டுகிறதா, தோல் சூடாக இருக்கிறதா, முடி உதிர்ந்து வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறப்புறுப்புக்கு இருபுறமும் இரண்டு சிறிய பள்ளங்கள் இருக்கும். அங்கே கறுப்பாக, நாற்றமடிக்கும் மெழுகு சேர்வது இயல்பு. அது வாசனைச் சுரப்பி, புண் அல்ல. குண்டு முயல்களில் தோல் மடிப்புக்குள் ஈரம் தங்கி வெளியே தெரியாமல் புண் உண்டாகும், மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு பாதத்தின் அடிப்பக்கம். முயலுக்கு நாய் போல் பாதத்தில் மெத்தைச் சதை கிடையாது, முடிதான் பாதுகாப்பு. நனைந்த தரையில் நிற்கும் முயலுக்குக் குதிங்காலில் முடி தேய்ந்து புண் வரும். வலியால் அது அசையாமல் உட்காரும். உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போகும். புண் இன்னும் பெரிதாகும்.

அப்புறம் முன்பற்களையும் தாடையையும் பாருங்கள். வாயில் எச்சில் வழிகிறதா, தாடைக்குக் கீழே முடி நனைந்திருக்கிறதா? பல் வலி இருக்கும் முயல் தன்னை நக்கித் துடைத்துக்கொள்ளாது, முயல்கள் வழக்கமாகத் தின்னும் தங்கள் மென்மையான புழுக்கையையும் எடுத்துத் தின்னாது. அது வாலடியில் அப்பிக்கொள்ளும், அதன் மேல் சிறுநீரும் சேரும். பின்பக்கத்துப் புண்ணுக்குப் பல் காரணமாக இருப்பது இப்படித்தான்.

உதட்டிலும் மூக்கிலும்கூடப் பொருக்குத் தட்டிய புண்கள் இருந்தால் அது முயல்களுக்கு வரும் ஒருவகைச் சிஃபிலிஸாக இருக்கலாம். பார்வைக்குச் சிறுநீர்ப் புண் போலவே தெரியும், சிகிச்சை முற்றிலும் வேறு. மனிதர்களுக்குத் தொற்றாது.

எடை பார்ப்பதை மறக்காதீர்கள். மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். சிறுநீரகக் கோளாறு வந்த முயல் நிறையக் குடிக்கும், நிறையக் கழிக்கும், மெல்ல மெல்ல இளைக்கும். முடி மறைத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது, தராசு காட்டிக்கொடுக்கும்.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம், சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. வயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற நீங்கள் முயலவே கூடாது, பை கிழிந்துவிடும்.

எந்தக் காரணத்தாலோ முயல் 12 மணி நேரமாக ஒன்றும் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றாலும் அப்படித்தான். வலி வந்தால் முயலின் குடல் நின்றுபோகும். பல முயல்களைக் கடைசியில் கொல்வது கல் அல்ல, நின்றுபோன குடல்தான்.

புண்ணில் ஈ முட்டையோ புழுவோ தெரிந்தால், அது நடு ராத்திரியாக இருந்தாலும் சரி, அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். நனைந்து நாறும் முடி ஈக்களை இழுக்கும். வெயில் காலத்தில் முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரித்துப் புழுக்கள் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வீட்டுக்குள் வளரும் முயலுக்கும் இது வரும். கண்ணில் படும் புழுக்களை இடுக்கியால் எடுக்கலாம், ஆனால் முயலை நனைத்து ஊறவைக்க வேண்டாம். ஈ, உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு நாய்களுக்குப் போடும் ஃபிப்ரோனில் மருந்து முயலுக்கு விஷம், அதைத் தொடவே கூடாது.

தலை ஒரு பக்கம் சாய்வது, பின்னங்கால் இழுபடுவது, அதோடு சிறுநீர் சொட்டுவது மூன்றும் சேர்ந்து வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். என்செபாலிட்டோசூன் குனிகுலி என்ற ஒட்டுண்ணி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கியிருக்கலாம்.

நான்காம் படி: டாக்டரிடம் என்ன எதிர்பார்க்கலாம்

முயல்களைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரைத் தேடிப் போங்கள். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அவசரம் வந்த பிறகு தேடினால் கிடைப்பது சிரமம். வீடியோவையும் எடைக் குறிப்பையும், பிடிக்க முடிந்தால் கொஞ்சம் சிறுநீரையும் கொண்டுபோங்கள். லிட்டர் பெட்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, காலியாக வைத்தால் சிறுநீர் அதிலேயே தேங்கும். சிரிஞ்சால் உறிஞ்சிச் சுத்தமான டப்பாவில் எடுக்கலாம். கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு மட்டும் இது உதவாது. அதற்கு டாக்டரே ஊசியால் பையிலிருந்து நேரடியாக எடுப்பார்.

எக்ஸ்ரே முக்கியம். முயலின் கற்கள் பெரும்பாலும் கால்சியத்தால் ஆனவை என்பதால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். வண்டலும் தெரியும், கூடவே முதுகெலும்பும் மூட்டுகளும் தெரியும். ஒரே படத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைக்கிறது. ஆகவே செலவைப் பார்த்துத் தள்ளிப் போட வேண்டாம் என்பேன். கருப்பையைப் பார்க்க ஸ்கேனும் சிறுநீரகத்தைப் பார்க்க ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். ரத்தத்தில் கால்சியம் அதிகமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்; முயலுக்கு இயல்பான அளவே மற்ற விலங்குகளைவிட அதிகம்.

வண்டலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இயல்பான கலங்கல் சிறுநீர் ஓடும், துணியில் ஊறும். வண்டல் பற்பசை போலக் கெட்டியாக வரும். ஆனால் வண்டல் நிரம்பிய முயல் சில நாள் தெளிவான சிறுநீரும் கழிக்கும். கனமான வண்டல் பையின் அடியில் தங்கிவிட, மேலே நிற்கும் தெளிந்த நீர் மட்டும் வெளியே வரும். அதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று பலரும் சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்கள். எக்ஸ்ரே தெளிவாகும்வரை நிறுத்தக் கூடாது.

வண்டலுக்கு உடம்பில் நீர் ஏற்றுவது, மயக்கம் கொடுத்துப் பையைக் கழுவுவது, வலிக்கு மருந்து என்று சிகிச்சை போகும். பெரிய கல்லுக்கு அறுவைதான் வழி. சிறுநீரை அமிலமாக்கிக் கல்லைக் கரைக்கும் பூனை உணவு வகைகள் முயலுக்குப் பயன்படாது, தழை தின்னும் விலங்கின் சிறுநீரை அப்படி மாற்ற முடியாது. அறுவைக்கு முந்தைய இரவு பட்டினி போடச் சொன்னால் மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முயலுக்கு வாந்தி வராது. பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், எரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை வாய் வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, நச்சுக் கிருமிகள் பெருகி, சில நாளில் முயல் செத்துப்போகக்கூடும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பேச்சே வேண்டாம். முயல்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம் கலந்த சல்ஃபா போன்றவை. வலிக்கு மெலாக்சிகாம் கொடுப்பார்கள். அளவு நாய், பூனைக்கான அளவோடு ஒத்துப்போகாது, டாக்டர் எழுதியபடியே கொடுக்க வேண்டும். ஒட்டுண்ணிக்கு ஃபென்பெண்டசோல் 28 நாள் போகும். நடுவில் தலை நிமிர்ந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள்.

ஐந்தாம் படி: புண்ணைக் கழுவி ஆற்றுவது

முழுக்குளியல் வேண்டாம். முயலின் அடர்ந்த அடிமுடி காய வெகுநேரம் ஆகும், உடம்பு குளிர்ந்துவிடும், பயத்தில் அதிர்ச்சியும் வரும். நனைந்த இடத்தை மட்டும் கழுவினால் போதும்.

இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அகன்ற பாத்திரத்தில் 2 முதல் 3 செ.மீ. உயரத்துக்கு வெதுவெதுப்பான நீர் விட்டு, வழுக்காமல் இருக்க அடியில் ஒரு துண்டை விரியுங்கள். முயலின் பின்பாதி மட்டும் அதில் இருக்கட்டும், முன்னங்கால்கள் விளிம்பிலோ பிடிப்பவரின் கையிலோ ஊன்றியிருக்கட்டும். கையால் நீரை அள்ளி விட்டு, காய்ந்து ஒட்டிய அழுக்கை ஊறவிடுங்கள். தேய்க்கக் கூடாது. ஊறினால் தானே விடும். சோப்பு தேவையில்லை, சிறுநீரின் உப்பு வெதுவெதுப்பான நீரிலேயே கரைந்துவிடும்.

சடைபிடித்த முடியை இழுக்கவோ கத்தரிக்கோலால் வெட்டவோ வேண்டாம். முயலின் தோல் மிகமிக மெல்லியது. சடையோடு சேர்ந்து தோலும் மேலெழுந்து வரும், எது முடி எது தோல் என்று தெரியாமல் வெட்டிவிடுவோம். பெரிய சடை இருந்தால் டாக்டரிடம் கிளிப்பரால் எடுக்கச் சொல்லுங்கள். பாதத்தின் அடியில் உள்ள முடியை மட்டும் எடுக்க விடாதீர்கள்.

கழுவியபின் மென்மையான துண்டால் ஒற்றி எடுங்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்து, உங்கள் கையை நடுவில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே உலர்த்தலாம். சத்தத்துக்கு முயல் மிரண்டால் விட்டுவிட்டுத் துண்டை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். வேர்வரை காய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்தால் கழுவாமலே விட்டிருக்கலாம்.

தினமும் தண்ணீரில் நனைப்பதும் தோலைக் கெடுக்கும். அழுக்கு குறைவாக இருக்கும் நாளில் உப்புநீரில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிட்டாலே போதும்.

களிம்பைத் தேர்ந்தெடுக்கும்போது, முயல் அதை நக்கித் தின்னும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் டயப்பர் புண்ணுக்குப் போடும் ஜிங்க் ஆக்சைடு களிம்பு, டீ ட்ரீ எண்ணெய், ஸ்டீராய்டு கலந்த களிம்பு, முகப்பவுடர் எதுவும் வேண்டாம். தோலில் ஈரம் படாமல் தடுக்கும் களிம்பை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். தோல் உரிந்து கசிந்தாலோ சீழ் தெரிந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் காட்டுவதுதான் சரி.

ஆறாம் படி: தண்ணீர், தீனி, இடம்

எல்லாவற்றிலும் மலிவான, எல்லாவற்றிலும் பலன் தரும் மாற்றம் தண்ணீர்ப் பாத்திரம்தான். குழாய் பாட்டிலில் ஒவ்வொரு சொட்டாக நக்கிக் குடிப்பதைவிட, திறந்த கிண்ணத்தில் முயல் அதிகமாகக் குடிக்கும். கவிழாத கனமான பீங்கான் கிண்ணம் வையுங்கள். இரண்டு இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. தாடைக்குக் கீழே பெரிய தொங்கு மடிப்பு உள்ள முயலாக இருந்தால், மடிப்பு நனையாத அளவுக்கு வாய் குறுகிய கிண்ணமாகப் பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் புண் வரும். கீரையைக் கழுவி உதறாமல் ஈரத்தோடு கொடுங்கள். நீர் அதிகம் போனால் வண்டல் தங்காது.

தீனியில் பெரும்பகுதி உலர்புல்லாக இருக்க வேண்டும், அளவில்லாமல். டிமோதி போன்ற புல் வகைகள் நல்லவை. ஆல்ஃபால்ஃபா என்று பாக்கெட்டில் போட்டு விற்கும் குதிரைமசாலில் கால்சியம் மிக அதிகம். வளரும் குட்டிக்குச் சரி, 6 மாதம் தாண்டிய முயலுக்கு வேண்டாம். பெல்லட் தீனி எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் தேவையில்லை. பல பெல்லட்டுகள் குதிரைமசாலால் செய்யப்பட்டவை, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். தாது உப்புக் கட்டி, கால்சியம் சொட்டு மருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

கீரையை மட்டும் பயந்து நிறுத்திவிடாதீர்கள். கல் வந்த முயலுக்குக் கீரையே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கீரையின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அதை நிறுத்தினால் சிறுநீர் இன்னும் கெட்டியாகும். கேல், பார்ஸ்லி மாதிரி கால்சியம் மிகுந்தவற்றைக் குறைத்துக்கொண்டு லெட்யூஸ், கொத்தமல்லி போன்றவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். கால்சியத்தை அடியோடு ஒழித்துவிடவும் கூடாது. முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை, அதற்குக் கால்சியம் வேண்டும்.

ஒரே அளவு தீனி தின்னும் இரண்டு முயல்களில் ஒன்றுக்கு மட்டும் வண்டல் வருவதற்கு அது வாழும் இடமும் ஒரு காரணமாக இருக்கலாம். சின்னக் கூண்டில் கிடக்கும் முயல் அடிக்கடி சிறுநீர் கழிக்காது. சிறுநீர் பையிலேயே நின்று தெளிந்து, வண்டல் அடியில் இறுகும். ஓடியாடும் முயலுக்கு அது கலங்கி வெளியே போய்விடும். எடையும் ஏறாது. குண்டு முயலுக்குத் தன் பின்பக்கத்தை எட்ட முடியாது என்பதால் இது புண்ணுக்கும் நேரடி மருந்து.

லிட்டர் பெட்டியில் காகிதத்தால் ஆன லிட்டரைப் போட்டு மேலே உலர்புல் வையுங்கள். பூனைகளுக்கான, ஈரம் பட்டதும் கட்டியாகும் களிமண் லிட்டர் வேண்டாம், தின்றால் குடல் அடைக்கும். பைன், தேவதாரு மரத்தூளும் வேண்டாம். தினமும் நனைந்ததை எடுத்துவிட வேண்டும். பெட்டியில் படிந்த வெள்ளைக் கறையை வினிகர் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டால் எளிதாகக் கரைந்துவிடும்.

கிழ முயல்களுக்கும் கால் விளங்காத முயல்களுக்கும்

இவற்றில் காரணத்தை முழுதாகத் தீர்க்க முடியாது. புண் வராமல் காப்பதே வேலை. பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, வாசல் 3 அல்லது 4 செ.மீ. உயரத்துக்கு மேல் இல்லாமல் செய்யுங்கள். வழுக்கும் தரையில் எல்லா இடத்திலும் விரிப்புப் போடுங்கள். கால் வழுக்கினால் இடுப்பைத் தூக்கி நிற்க முடியாது. படுக்கைக்கு அடியில் உறிஞ்சும் துணி, மேலே ஃபிளீஸ் எனும் மெத்தென்ற செயற்கைத் துணி. ஈரம் ஃபிளீஸ் வழியாகக் கீழே இறங்கிவிடும், முயலின் வயிறு காய்ந்தே இருக்கும். அடியில் உறிஞ்சும் துணி இல்லாமல் ஃபிளீஸ் மட்டும் போட்டால் எல்லாம் மேலேயே தேங்கும்.

வாலடி முடியைக் கிளிப்பரால் குட்டையாக வைத்துக்கொண்டால் கழுவும் வேலை பாதியாகும். வலி மருந்தை முயல் முடங்கிய பிறகு கொடுப்பதைவிடத் தினமும் ஒரே நேரத்தில் கொடுப்பது நல்லது, இதை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். துணை முயல் இருந்தால் பிரிக்காதீர்கள். வாய் எட்டாத முயலின் முகத்தையும் காதையும் துணைதான் நக்கிச் சுத்தம் செய்யும். ஆனால் துணையும் அந்த ஈரத்தில் உட்காரும் என்பதால் அதன் பின்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

சிகிச்சை தொடங்கியபின் முதல் வாரம் காலையும் மாலையும் தொடையைத் தொட்டுப் பாருங்கள். சிவப்பு குறைந்து, தோல் காய்ந்து, மெல்லிய புதுமுடி முளைக்கத் தொடங்கினால் சரியான பாதையில் போகிறீர்கள். நன்றாகக் கழுவி உலர்த்தியும் மருந்து கொடுத்தும் ஒரு வாரத்துக்குப் பின்னும் ஈரம் நிற்கவில்லை என்றால், களிம்பை மாற்ற வேண்டாம். எடைக் குறிப்பையும் பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், வேறு காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.